லைட்டு எரியுது, பேச்சைக் காணோம்

வாலே பேராண்டி, உக்காரு. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், பாத்து. மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப்போய்க் கெடக்கு? உங்க வீட்டு ஆடு ஏதும் செத்துப்போச்சா? கையில என்னத்தைப் பொத்தி வச்சிருக்கே, காட்டு. பென்டிரைவா! நீ பிடிச்சிருக்க பவ்வியத்தைப் பாத்து, அடிபட்ட அணில்குஞ்சைத் தூக்கிட்டு வந்துட்டியோன்னு நெனச்சேன்.

உள்ள என்ன இருந்துச்சு? மெல்லச் சொல்லு, அவசரமில்ல. கோயில் கொடைக் கணக்கு. மூணு ராத்திரி வில்லுப்பாட்டு. நானூறு போட்டோ. வேற எங்கயும் ஒரு நகல்கூடக் கெடையாது. நாளைக்குக் காலையில ஊர்க்கூட்டம். சரியாப் போச்சு. அம்மன் ஒன்னைத் தனியாப் பாக்கணும்னு பிரியப்பட்டுட்டா போல.

110 தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் வரி. 2 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் கணக்குக் கேக்க நாளைக்கு ஊரே வந்து உக்காரும். நீ எந்திரிச்சு நின்னு, 'பென்டிரைவ் ஓப்பன் ஆவலை'ன்னு சொல்லப்போறே. எங்க அப்பா காலத்துல கணக்கு நோட்டை எலி கடிச்சுப்போடும். எங்க காலத்துல கரையான் அரிச்சுது. ஒங்க காலத்துக்கு இது. ஆனா ஒண்ணு, கரையான் அரிச்ச நோட்டைத் தூக்கிக் காட்டவாவது முடிஞ்சுது. நீ இந்தச் சுண்டுவிரல் சாமானைக் காட்டி 'இதுக்குள்ளதான் இருக்கு'ன்னா, எவம்லே நம்புவான்? பி.இ. படிச்ச பயகிட்ட கணக்கைக் குடுங்கன்னு கூட்டத்துல கையைத் தூக்கினவன் நான். எனக்கும் சேத்துல்லா செருப்பு வரும்.

சரி, குடு. இல்ல, பொறு. ஒன் வைத்தியத்தை மொதல்ல சொல்லு. நோயாளி செத்ததே வைத்தியத்தாலயான்னு எனக்குத் தெரியணும்.

இருவது தடவை சொருகிச் சொருகி எடுத்தே. சரி. வாயால ஊதினே. ஏலே, அது என்ன அடுப்பா? ஊதினா தூசி போகுதோ இல்லையோ, ஒன் எச்சி போகும். தகட்டுல ஈரம் பட்டு நாள்பட நாள்பட பூத்துப்போகும். அழுக்குன்னா பென்சில் அழிக்கிற ரப்பரால லேசா தேய்க்கணும். இல்ல, மெடிக்கல் கடையில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விப்பான், அதைப் பஞ்சுல தொட்டுத் தொடச்சுட்டு காய விடணும். அம்புட்டுத்தான். பொறவு என்ன செஞ்சே?

அரிசிப் பானையில போட்டு வச்சியா! தண்ணியில விழுந்துச்சா? விழலை? நனையாத சாமானை எதுக்குலே அரிசிக்குள்ள பொதைச்சே? வாட்சாப்புல எவனோ சொன்னானாம். உங்க ஆச்சிக்குக் கண்ணு மங்கல். உலையில போட்டு வடிச்சிருந்தா இன்னேரம் ஊர்க்கணக்கு கஞ்சித்தண்ணியில போயிருக்கும். நனைஞ்சதுக்கும் அரிசி மருந்தில்ல, தெரிஞ்சுக்கோ. அரிசி தண்ணியை உறிஞ்சுறதைவிட சும்மா காத்தோட்டமா வச்சாலே நல்லாக் காயும். அரிசித் தவிடு வேற வாய்க்குள்ள போய் ஒட்டிக்கிடும். தண்ணி மட்டும் பட்டா பென்டிரைவுக்கு ஒண்ணும் ஆவாது. வாஷிங் மெஷினுக்குள்ள சட்டைப்பையோட சுத்திட்டு வந்து, ரெண்டு நாள் காஞ்சு, நல்லாப் பேசினதை நான் பாத்திருக்கேன். ஈரத்தோட கொண்டுபோய்க் கரண்டுல சொருகுதான் பாரு, அவந்தான் அதைக் கொல்லுதான்.

இப்ப ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. ஒனக்கு பென்டிரைவ் வேணுமா, உள்ள இருக்கது வேணுமா?

சிரிக்காதே, கோட்டிக்காரா. எங்கிட்ட வாரவன்ல முக்காவாசிப் பேருக்கு இது தெரியாது. ரெண்டுக்கும் வைத்தியம் எதிரும் புதிருமா இருக்கும். பென்டிரைவ்தான் வேணும்னா உள்ள இருக்கதை அடிச்சுத் தொடச்சு, பார்மட் போட்டு, எழுப்பி உக்கார வச்சுரலாம். உள்ள இருக்கது வேணும்னா அது மேல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. கையைக் கட்டிக்கிட்டு, செத்தவன் வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கணும். ரெண்டும் வேணும்னு பேராசைப்படுதவனுக்கு ரெண்டுமே போகும்.

உள்ள இருக்கதுதான் வேணுமா. நல்ல பிள்ளை. என்னது? கடைசியாச் செஞ்ச கணக்கு ஒண்ணு மட்டும் கெடைச்சாப் போதுமா? மத்தது எதுவும் வேண்டாமா? ம். பாப்போம், பாப்போம்.

எந்த ஓட்டையிலலே சொருகினே? முன்னாடி இருக்கதுலயா. நெனச்சேன். முன்னாடி ஓட்டைக்கு உள்ளுக்குள்ள ஒரு வயரு போகும், அதான் மதர்போர்டுல போய்ச் சேரும். அந்த வயரு எவன் வாங்கிப் போட்டதோ, எத்தனை நாள் லூசாக் கெடக்கோ. பின்னாடி ஓட்டை நேரா போர்டுலயே இருக்கு. பென்டிரைவ் மேல பழி போடும் முன்னால பின்னாடி ஒரு தடவை சொருகிப் பாக்கணும். அங்கயும் பேசலைன்னா வேற கம்ப்யூட்டர். மூணு எடத்துல ஊமையா இருந்தாத்தான் ஊமை. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், செல்லு சார்ஜுன்னு அம்புட்டையும் ஒரு ஹப்புல தொங்க விட்டுக்கிட்டு, அதுலயே இதையும் சொருகி, 'தாத்தா வந்து வந்து போகுது'ன்னு அழுத பயலும் உண்டு. ஒரு சாதாரண யூ.எஸ்.பி. ஓட்டை 500 மில்லி ஆம்பியர்தான் குடுக்கும். ஒரு கெணத்துல எத்தனை மோட்டாருலே போடுவே?

இங்க வா, வெளிச்சத்துக்கு. இந்த மூக்கைப் பாரு. கோணியிருக்கா? எங்கிட்ட எதுக்கு மறைக்கே? முட்டி இடிச்சுதா? சேரைத் தள்ளிட்டு எந்திரிச்சியா? ஆங், அப்படி உண்மையைச் சொல்லு. பாட்டு ஏறிக்கிட்டு இருக்கும்போது எந்திரிச்சே, முட்டியால ஒரு இடி, மூக்கு கோணிப்போச்சு, பாதி எழுத்துல அறுந்துபோச்சு. அப்ப இதுக்கு ரெண்டு நோய். எலும்பு முறிவு ஒண்ணு, பேதலிப்பு ஒண்ணு. எலும்பை இப்ப பாப்போம்.

ஓட்டைப் பிரிக்கேன். இந்த மாதிரி ஓட்டுக்கு நகம் போதும். சில பென்டிரைவ் நகத்துண்டு அளவுல, ஒரே கருப்பு வில்லையா வருதே, அதை எங்கிட்ட கொண்டுவந்தா நான் கும்பிட்டு அனுப்பிருவேன். அதுல எல்லாத்தையும் ஒரே பிசினுக்குள்ள வச்சு உருக்கி ஊத்திருப்பான். இது நல்ல பிள்ளை, போர்டு தனியா இருக்கு. குனிஞ்சு பாரு. இந்தப் பெரிய கருப்புச் சில்லுதான் குலுக்கை. சரக்கு எல்லாம் இதுக்குள்ள. இந்தச் சின்னது கணக்கப்பிள்ளை, கன்ட்ரோலர்ம்பான். எது எந்த அறையில இருக்குன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்தா, வெள்ளி மாத்திரை மாதிரி மினுங்குதே, அது கிறிஸ்டல். தாளம் போடுறது அதோட வேலை. உயரத்துல இருந்து கீழ போட்டா அது உடைஞ்சுபோறதும் உண்டு. தாளம் போச்சுன்னா கணக்கப்பிள்ளை வாயைத் தொறக்க மாட்டான்.

இப்ப மூக்கு. உள்ள நாலு தகடு. ஓரத்துல ரெண்டும் நீளம், நடுவுல ரெண்டும் ஒரு இழை குட்டை. நாலு வருஷம் காலேசுக்குப் போனியே, ஏன்னு எவனாச்சும் சொன்னானா? ஓரத்து ரெண்டும் கரண்டு. ஒண்ணுல 5 வோல்ட்டு வரும், இன்னொண்ணு கிரவுண்டு. நடு ரெண்டும் பேச்சு. சொருகும்போது நீளமானது முந்தித் தொடும். கரண்டு ஏறின பொறவுதான் பேச்சுத் தொடங்கும். நம்ம வீட்டுக்கு ஆளு வந்தா செம்புல தண்ணி குடுத்துட்டுத்தானே 'என்ன சோலியா வந்தீய'ன்னு கேக்கோம்? அந்த மருவாதை இதுலயும் இருக்கு.

உள்ள போனதும் மூணாவது தகட்டு வழியா இது 'உள்ளேன் ஐயா'ன்னு கையைத் தூக்கும். உடனே கம்ப்யூட்டர் ஊரு, பேரு, யாரு மகன்னு கேக்கும். அதுக்குப் பதில் சொல்ல நடுத்தகடு ரெண்டும் வேணும். ஒன் கம்ப்யூட்டர்ல என்ன வந்துச்சு? 'சாதனம் அடையாளம் தெரியவில்லை'ன்னுதானே? லைட்டு எரிஞ்சுதா? எரிஞ்சுது. அப்ப ஓரத்துத் தகடு ரெண்டும் உசுரோட இருக்கு. அடையாளம் தெரியலைன்னு சொல்லுததுக்காவது ஏதோ வந்திருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. அப்ப மூணாவது தகடு கையைத் தூக்கியிருக்கு. பேரு சொல்லத்தான் வரலை. லென்ஸைப் பிடி. ரெண்டாவது காலடியில ஈயத்தைச் சுத்தி மயிரிழை மாதிரி ஒரு கருப்பு வட்டம் தெரியுதா? அதான் வெடிப்பு. ஒன் முட்டி செஞ்ச புண்ணியம்.

இரும்பு சூடாவட்டும். அதுக்குள்ள ஒனக்கு ஒரு ஆட்டுக்கெடைக் கதை.

குலுக்கைன்னு சொன்னேன்லா, நெசத்துல அது கெடை. கோடிக்கணக்கான குட்டிக் குட்டிப் பட்டி. ஒவ்வொரு பட்டியிலயும் எலெக்ட்ரான் ஆடுகளை அடைச்சு வைப்பான். சுத்தி வேலி. ஆடு இருந்தா ஒரு எழுத்து, இல்லைன்னா வேற எழுத்து. கரண்டு போனாலும் ஆடு உள்ளயே நிக்கும், அதான் சூச்சமம். இதைக் கண்டுபிடிச்சவர் தோஷிபா கம்பெனியில இருந்த புஜியோ மசுவோகான்னு ஒரு ஜப்பான்காரர். 1984-ல வெளிய சொன்னார். கூட வேலை பாத்தவர்தான் பேரு வச்சாராம். அம்புட்டையும் ஒரே வீச்சுல அழிக்கறதைப் பாத்தா கேமரா பிளாஷ் அடிக்கிற மாதிரி இருக்குன்னு. அதான் பிளாஷ்.

அந்தப் பட்டிக்குக் கதவு கெடையாது, கேட்டுக்கோ. ஆட்டை உள்ள விடணும்னாலும் வெளிய எடுக்கணும்னாலும் வேலிக்குள்ளயேதான் நெருக்கித் தள்ளணும். தள்ளத் தள்ள வேலி என்ன ஆகும்? முள்ளு நெகிழும். ஒரு நாள் ஆடு தானா நழுவும். ஆரம்பத்துல ஒரு பட்டிக்கு ஒரு எழுத்துதான். அந்த வேலி 1,00,000 தடவை தாங்கும். இப்ப விலை கொறைக்கணும்லா? ஒரே பட்டியில மூணு எழுத்தை அடைக்கான். ஆடு இருக்கா இல்லையான்னு பாத்த காலம் போய், எட்டு விதமா எண்ணிப் பாத்து எழுத்தைக் கண்டுபிடிக்கணும். அமாவாசை இருட்டுல ஆடு எண்ணின கதைதான். ஒண்ணு ரெண்டு நழுவினாலும் கணக்குத் தப்பும். அந்த வேலி ஏதோ ஆயிரம் தடவை, அதுக்குக் கொஞ்சம் முன்னப் பின்னத் தாங்கும். ஒரே பட்டி ஓஞ்சுபோகக் கூடாதுன்னு கணக்கப்பிள்ளை சுழற்சி முறையில மாத்தி மாத்தி அடைப்பான். பாவம், அவனும் எத்தனை நாளைக்குச் சமாளிப்பான்? கையிருப்புப் பட்டி எல்லாம் தீந்துச்சுன்னா, 'இனி எழுத மாட்டேன், வேணும்னா வாசிச்சுக்கோ'ன்னு சில பென்டிரைவ் பூட்டிக்கிடும். அழிக்க மாட்டேங்குது, எழுத மாட்டேங்குதுன்னு அதைக் கொண்டுவந்து பூட்டைத் தொறந்து குடுங்கம்பான். ஏலே, அது ஒனக்குக் கடைசியாச் செய்த உதவி. உள்ள இருக்கதை எடுத்துக்கிட்டு அதைக் கும்பிட்டு விட்டுரணும்.

பத்து வருஷமா டிரங்குப் பெட்டிக்குள்ள போட்டு வச்சாலும் ஆடு மெல்ல மெல்ல நழுவும். தொடாம வச்சா பத்திரம்னு நெனக்காதே. தங்கச் சங்கிலியா அது?

2000-ல மொத மொதலா கடைக்கு வந்தப்ப பென்டிரைவ் எம்புட்டுப் பெருசு தெரியுமா? 8 எம்.பி. ரெண்டு சினிமாப் பாட்டு ஏத்தினா ரொம்பிப்போகும். சிங்கப்பூர்ல ஒரு கம்பெனி 'தம்ப்டிரைவ்'னு வித்தான். இஸ்ரேல்காரன் ஒருத்தன் செஞ்சதை ஐ.பி.எம். 'டிஸ்க் ஆன் கீ'ன்னு வித்தான். நான்தான் முந்தி, நான்தான் முந்தின்னு ஆளாளுக்கு உரிமை கொண்டாடினாங்க. இப்ப என்னடான்னா பஸ் ஸ்டாண்டுல ஜமுக்காளம் விரிச்சு 2 டி.பி. பென்டிரைவ்னு கூவி விக்கான், வெள்ளரிப்பிஞ்சு விக்கிற வெலைக்கு. போன மாசம் உங்க சித்தப்பன் வாங்கிட்டு வந்து எங்கிட்ட பெருமை பேசினான். அடியில மெழுகு வச்சு அடைச்ச மரக்கால் பாத்திருக்கியா? வெளியில பாத்தா முழு மரக்கால், அளந்தா முக்கால். அதே வேலைதான். உள்ள இருக்கது 8 ஜி.பி.யோ 16 ஜி.பி.யோ, கணக்கப்பிள்ளைக்குப் பொய் சொல்லச் சொல்லிக் குடுத்திருப்பான். நிசமான அளவு தாண்டினதும் எழுதுதது எல்லாம் ஆத்துல கொட்டினதுதான். எழுதினேன்னு சொல்லும், தொறந்தா ஒண்ணும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு. பென்டிரைவை விளிம்பு வரை ரொப்பி, திரும்ப அளந்து பாத்துச் சொல்லிரும். சித்தப்பன் அளந்து பாத்தான். அன்னையில இருந்து இந்தப் பக்கம் வரலை.

இரும்பு காஞ்சுட்டு. மூச்சை அடக்கு, மூக்கால ஊதாதே. பிளக்ஸ் ஒரு பொட்டு. முனையைக் காலடியில வச்சு ஒண்ணு, ரெண்டு எண்ணு... பாரு, ஈயம் உருகி பளபளன்னு காலைச் சுத்தி ஏறிட்டா? எடுத்துரணும். இன்னும் செத்த நேரம் வச்சா போர்டுல இருக்க செம்புத் தடமே உரிஞ்சு வந்துரும், பொறவு அதுக்குக் கம்பி இழுக்கணும். வால்வு ரேடியோவுல இருந்து இதைத்தான் செய்யுதேன். அப்ப ஈயக்குண்டு பட்டாணி அளவு இருக்கும், இப்ப கடுகுல பாதி. கை நடுங்குதுன்னு சொன்னியே போன வாரம், இப்ப நடுங்குச்சாலே?

மூக்கை நிமிர்த்தாதே! கோணலாவே இருக்கட்டும். நிமிர்த்தினா மத்த காலும் விட்டுப்போகும். குட்டி ஒயர் ஒண்ணு இருக்கு, ஆட்டாம அசைக்காம அதுல சொருகு. பின்னாடி ஓட்டையில.

'டிங்'னு சத்தம் வந்துச்சா? வந்துட்டான்யா கணக்கப்பிள்ளை.

ஏலே! கையை எடு! மவுசை விடுலே!

என்ன கேக்குது? 'இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் பார்மட் செய்ய வேண்டும்'. நீ பாட்டுக்கு 'சரி'ன்னு அமுக்கப் போனியே. சாவுற நேரத்துல வெத்துப் பத்திரத்துல கைநாட்டு வாங்குற பங்காளி மாதிரி அது கேக்கும். கேன்சல் போடு. எப்பவும் கேன்சல் போடு. அது ஏன் அப்படிக் கேக்குதுன்னு சொல்லுதேன். சரக்கு குலுக்கையில இருக்கு. எது எங்கன்னு எழுதின நோட்டு தனியா இருக்கு. ஃபேட் டேபிள்ம்பான், பத்திரத்துக்கு ரெண்டு நகலா வச்சிருப்பான். நீ முட்டியால இடிச்ச நேரத்துல அந்த நோட்டுல எழுதிக்கிட்டு இருந்திருக்கு. எழுத்து பாதியில கிறுக்கலாப் போச்சு. கம்ப்யூட்டர் நோட்டைப் பாக்குது, ஒண்ணும் புரியலை, 'இது வெத்துக் குலுக்கை'ன்னு சொல்லிருது. சரக்கு அப்படியே உள்ள கெடக்கு. குயிக் பார்மட் போட்டேன்னா நோட்டை மட்டும் கிழிச்சுட்டுப் புது நோட்டு போடும், அப்பயும் சரக்கு அங்கயேதான் இருக்கும். ஆனா புதுசா ஏதாச்சும் எழுதினியோ, பழைய சரக்கு மேல போய் விழும். முழு பார்மட் போட்டுட்டு எங்கிட்ட வந்தா, நான் அழத்தான் முடியும். ஒரு மூலை விடாம சுழியம் சுழியமா எழுதிருக்கும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் தொற. என்ன போட்டிருக்கு? 'ரா'. பச்சையாக் கெடக்குன்னு அர்த்தம். அளவு? 29 ஜி.பி. சரியா இருக்கு. 32-னு டப்பாவுல போட்டானே, 3 ஜி.பி.யை எவன் எடுத்தான்னு கேக்கியா? எவனும் எடுக்கலை, டப்பாக்காரன் ஆயிரத்தால எண்ணுதான், விண்டோஸ் 1,024-ஆல எண்ணுது. அளவு சரியாக் காட்டினா குலுக்கையும் கணக்கப்பிள்ளையும் பேசிக்கிடுதாங்க. 'நோ மீடியா'ன்னு காட்டியிருந்தா கணக்கப்பிள்ளை மட்டும் திண்ணையில உக்காந்திருக்கான், குலுக்கையைக் காணோம்னு அர்த்தம். அப்படி வந்தா நானும் நீயும் செய்ய ஒண்ணுமில்ல. சில்லைப் பேத்தெடுத்து வாசிக்கிற ஆளுக பட்டணத்துல இருக்காங்க. அதுலயும் கணக்கப்பிள்ளை எழுத்தைக் கலைச்சுப் போட்டுத்தான் உள்ள வச்சிருப்பான், அதை அடுக்கி எடுக்கிறதுக்கு அவன் கேக்குற காசுக்கு நாம இன்னொரு கொடையே கழிச்சிரலாம்.

என்னது, செக்டிஸ்க் ஓட்டவா? எவன் சொன்னான், அரிசி சொன்னவனா? செக்டிஸ்க் நோட்டைத் திருத்தி அதுலயே எழுதும்லே. எழுதக் கூடாதுன்னு ஒனக்கு எத்தனை தடவை சொல்லுதது? மொதல்ல ஒரு முழு நகல். கடைக் கம்ப்யூட்டர்ல எம்மவன் லினக்ஸ் போட்டு வச்சிருக்கான், அதுல டிடி ரெஸ்கியூன்னு ஒண்ணு இருக்கு. பருத்தி எடுக்கப் போனா நம்ம பொம்பளையாளுக என்ன செய்வாங்க? வெடிச்ச பருத்தியை மொதல்ல எடுத்துக்கிட்டே போவாங்க. வெடிக்காத காயில உக்காந்து மல்லுக்கட்ட மாட்டாங்க, ரெண்டாம் எடுப்புல பாத்துக்கிடுவாங்க. இதுவும் அப்படித்தான். சுளுவா வாசிக்க முடியறதை எல்லாம் முந்தி அள்ளிரும், மக்கர் பண்ணுத எடத்துக்குப் பொறவு திரும்பி வரும். சாகக் கெடக்கவன்கிட்ட முக்கியமான பேச்சை மொதல்ல கேட்டுக்கிடணும்லா. நகல் கைக்கு வந்துட்டா, பொறவு ஒன் ஆசைப்படி அதுல எதை வேணும்னாலும் ஓட்டு.

அரை மணி நேரம் ஆவும். செல்லை நோண்டாம உக்காரு.

ஜெராக்ஸ் கடை ஜெராக்ஸ் கடையா இதைக் கொண்டுபோய்ச் சொருகுறே பாத்தியா, அதுல ஒரு சீக்கு ஒட்டும். தொறந்தா எல்லா போல்டரும் சார்ட்கட்டா மாறிக் கெடக்கும். பயலுக பதறிப்போய் பார்மட் போட்டுருவான். அதுல ஒண்ணும் தொலைஞ்சிருக்காது. வைரஸ் அசலை ஒளிச்சு வச்சுட்டு, அதே பேருல பொம்மையை நிப்பாட்டியிருக்கும். பொம்மையை அமுக்குனாத்தான் சீக்குப் பரவும். அமுக்காம, வைரஸைத் தொடச்சுட்டு, ஒளிச்சு வச்ச பைலைக் காட்டச் சொன்னா, கோழிக்கூடையைத் தூக்கின மாதிரி எல்லாம் வெளிய வந்துரும். இதை எளப்பமா நெனக்காதே. 2010-ல ஸ்டக்ஸ்நெட்னு ஒண்ணு வெளிய தெரிஞ்சுது. ஈரான்ல யுரேனியம் சுத்துத மெஷினையே கெடுத்த வைரஸ். அதைப் பென்டிரைவ் வழியாப் பரவுற மாதிரித்தான் செஞ்சு விட்டிருந்தான். ஈரானுக்கே அந்தக் கதின்னா நம்ம பஸ் ஸ்டாண்டு எம்மாத்திரம்?

இந்த 'பத்திரமா வெளிய எடுக்கவும்'னு கீழ ஒரு பொத்தான் இருக்கே, அதை அமுக்குவியா? மாட்டே. உங்க வயசுல எவனும் அமுக்க மாட்டான். 2018-ல வந்த விண்டோஸ் மாத்தத்துல இருந்து அது பெருசாக் கட்டாயமில்லன்னு ஆயிப்போச்சு, எழுதுததை உடனுக்குடன் எழுதிருது. ஆனா ஓடிக்கிட்டு இருக்கும்போது உருவினா எந்த விண்டோஸும் காப்பாத்தாது. லைட்டு மினுக்கிக்கிட்டு இருக்கும்போது உருவுறது, பால் கறந்துக்கிட்டு இருக்கும்போது மாட்டை அவுத்து விடுத மாதிரி.

முடிஞ்சுட்டா? நல்லது. பென்டிரைவைக் கழத்தி அந்த டப்பாவுல போடு. அது இனி பேசாது, நாமளும் கேக்க வேண்டாம்.

இப்ப நகல்ல டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டிப் பாப்போம், நோட்டைத் தூக்கி நிறுத்துதான்னு. நிறுத்தலை. ரெண்டு நோட்டும் கிறுக்கல். சரி, அவன் தம்பி போட்டோரெக் இருக்கான். அவனுக்கு நோட்டே வேண்டாம். குலுக்கைக்குள்ள எறங்கித் தடவிப் பாத்தே எது என்ன தானியம்னு சொல்லிருவான். போட்டோவுக்கு ஒரு தலையெழுத்து உண்டு, பாட்டுக்கு ஒரு தலையெழுத்து உண்டு, எக்செல்லுக்கும் உண்டு. அதைப் பாத்து ஒவ்வொண்ணா அள்ளித் தருவான். ஒரே கொறை, பேரு மட்டும் தெரியாது. பேரு நோட்டுலதானே இருந்துச்சு. எஃப் போட்டு ஒரு நம்பரு, அம்புட்டுத்தான். எது எதுன்னு நீதான் ஒக்காந்து தொறந்து பாக்கணும். அள்ளுததை வேற டிஸ்க்குல கொட்டணும், அதே பென்டிரைவுல கொட்டுத கோட்டிக்காரனும் இருக்கான்.

வருது, வருது. போட்டோ 380, 390... அம்மன் நல்லா விழுந்திருக்கா. பாட்டு? மொத ராத்திரி முழுசா இருக்கு. ரெண்டாம் ராத்திரியும் இருக்கு. மூணாம் ராத்திரி பாதியில நிக்குது. அதான் முட்டி இடிச்ச எடம். வில்லுக்காரர்கிட்ட சொல்லாதே.

எக்செல்லு. ஏலே, அதுவும் வந்துருச்சே! ஒண்ணு இல்லலே, மூணு வந்திருக்கு. ஒரே கணக்கு மூணு நகல். ஏன் எந்திரிக்கே? உக்காரு. இந்த போட்டோரெக் பயலுக்கு ஒரு கெட்ட பழக்கம், சொல்ல மறந்துட்டேன். அழிச்சது, அழிக்காததுங்குற வித்தியாசம் அவனுக்குத் தெரியாது. நீ அழிச்சப்போ நோட்டுலதான் கோடு போட்டே, சரக்கு அங்கயே கெடந்துச்சு. எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துட்டான்.

கண்ணாடியை எடு. பந்தல், சரி. சவுண்டு சர்வீஸ், சரி. மேளம், மூணு நகல்லயும் ஒரே தொகை, நல்ல பிள்ளை. இது என்ன? 'ராக்காவல் பெரியவருக்குச் சுக்குக்காப்பி, வடை'. மொத நகல்ல 140 ரூபாய். அடுத்ததுல 340. கடைசியில 640. ராக்காவல் பெரியவர்னா யாருலே? மூணு ராத்திரியும் கோயில் வாசல்ல கட்டிலைப் போட்டுக் கெடந்தது நாந்தானே? நீ எனக்கு வாங்கிக் குடுத்தது ஏழு கிளாஸ் சுக்குக்காப்பி. எண்ணி வச்சிருக்கேன். வடை எங்கலே? எனக்கு மிச்சம் இருக்க பல்லு நாலு, அதுல ரெண்டு ஆடுது.

பென்சில்ல திருத்தினா ஆச்சா, கம்ப்யூட்டர்ல திருத்தணும். திருத்து. 140. ஆங். இப்ப இதை ரெண்டு எடத்துல போட்டு வை, ஒண்ணு ஒங்கிட்ட, ஒண்ணு எம்மவன் கம்ப்யூட்டர்ல. பழைய நகல் ரெண்டையும் நான் அழிக்கலை, எங்கிட்டயே இருக்கட்டும், சும்மா ஒரு ஞாபகத்துக்கு.

எந்திரி. எதுத்த கடையில சுக்குக்காப்பி கொதிக்குது. எனக்கு 500 ரூபாய் பாக்கி இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ்னா எத்தனை நாளைக்கு வரும்னு கணக்குப் போட்டுக்கிட்டே வா. வடையும் சொல்லு, நனைச்சுத் திங்கேன்.